சங்குக்கு வந்த ஸ்டூல்

ராமேஸ்வரத்துல சங்குக் கடையில வேலை பாக்குறவளுக்கு வாய் எவ்வளவு முக்கியமோ, அதைவிடக் கால் முக்கியம். கடை திறந்ததுல இருந்து வாசல்ல நின்னு, "ஆயியே மாதாஜி, தேகியே", வாங்கம்மா, பாருங்கம்மான்னு இந்தியில கூவிக்கிட்டே இருக்கணும். உட்கார்ந்துக்கிட்டுக் கூப்பிட்டா யாத்திரைக்காரங்க அடுத்த கடைக்குப் போயிருவாங்கங்கிறது எங்க தெருவுல எல்லா முதலாளிக்கும் இருக்கிற நம்பிக்கை. ஜவுளிக்கடையிலயும் நகைக்கடையிலயும் நின்னே தேயுற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

டாக்டர் சொன்ன வழி

என்கூட நிக்கிறவ சகாயமேரி, பக்கத்து ஊரு அக்காள்மடத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போறவரு. மீன்பிடித் தடைக்காலத்துல அந்த வீட்டுல அடுப்பு எரியுறது இவ வேலையாலதான். இந்தி அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. போன வருஷம் கெண்டைக்கால்ல நரம்பெல்லாம் பச்சைப் பச்சையா புடைச்சுக்கிச்சு. சாயங்காலமானா செருப்புக்குள்ள கால் நுழையாது.

ராமநாதபுரத்துல டாக்டர் பாத்துட்டு, நடுநடுவுல உட்காரணும், முடியலைன்னா வேலையை விட்டுரணும்னு சொல்லிட்டாரு. கடையில உட்கார இடமே கிடையாது. அப்ப ஒரே வழிதானே? மேரிதான் முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னா: "வேலையை விடச் சொல்ல அவருக்கென்ன, எங்க வீட்டுக்கு அவரா வலை இழுக்கப் போறாரு?"

சுழல் நாற்காலிக்காரர்

என் சித்தி மக ராமநாதபுரத்துல ஒரு நகைக்கடையில இருக்கா. அவதான் போன்ல சொன்னா, கடையில வேலை பாக்குறவங்க உட்கார இருக்கை போடணும்னு இப்ப சட்டமே இருக்காம். அடப்பாவிகளா! ஏழு வருஷமா நிக்கிறேன், ஒருத்தரும் மூச்சு விடலையே! எனக்கு வந்த கோவத்துல நேரா முதலாளிகிட்ட போயிட்டேன்.

அவரு கெட்ட மனுசன் இல்லை. மேரி லீவு கேட்டா முகம் சுளிக்காமக் குடுப்பாரு. ஆனா நிக்கிற விஷயத்துல மட்டும் பிடிச்ச பிடி விட மாட்டாரு. மெத்தை வச்ச சுழல் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, "ஏம்மா ஈஸ்வரி, நான் கடை நடத்துறதா, கல்யாண மண்டபம் நடத்துறதா?"ன்னு கேட்டாரு.

விலை கேட்டாங்க

நான் விடலை. தினமும் காலையில முதல் பேச்சே ஸ்டூல்தான். கடைசியில, ஒரு நாள் லீவு போட்டுட்டு லேபர் ஆபீசுக்கு பஸ் ஏறப் போறேன்னு சொன்னேன். மறுநாளே ரெண்டு ஸ்டூல் வந்துச்சு. வந்ததும் ஒண்ணுல சிவப்புத் துணி விரிச்சுப் பெரிய சங்கைத் தூக்கி வச்சாரு முதலாளி. இன்னொண்ணுல சோழி மாலையை அடுக்கினது யாருங்கிறீங்க? நானேதான்! சங்குக் கடைக்காரி கை, காலி இடத்தைக் கண்டா சும்மா இருக்காது. என்னை நானே திட்டிக்கிட்டேன்.

அன்னைக்கு வந்த குஜராத் தம்பதி கடை முழுக்கப் பாத்தாங்க. சங்கைத் தடவினாங்க, துணியைத் தூக்கிப் பாத்தாங்க. அப்புறம் அந்தம்மா மேரிகிட்ட இந்தியில கேட்டாங்க: "சங்கு வேண்டாம், இந்த ஸ்டூல் என்ன விலை?"

மேடம் வந்த அன்னைக்கு

ஒரு நாள் தெருமுனைக் கடையில இருந்து போன். தொழிலாளர் ஆய்வாளர் வர்றாங்களாம். முதலாளி பதறிப்போயி, சங்கையும் மாலையையும் அவரே அள்ளி உள்ள வச்சுட்டு, "உட்காருங்க, சீக்கிரம் உட்காருங்க!"ன்னு எங்களை அமுக்காத குறைதான்.

வந்தது ஒரு பெண் அதிகாரி. மேரி காலைப் பாத்தாங்க. "தினமும் உட்காருவீங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. மேரி முதலாளியைப் பாத்தா, என்னைப் பாத்தா. உள்ளதைச் சொன்னா வேலை போயிருமோன்னு எனக்கே பயம். அவ நிமிந்து உட்கார்ந்து சொன்னா: "இன்னைக்குத்தான் மேடம் மொதத் தடவை, நாளைக்கும் வாங்க."

சங்கும் கையுமா

மேடம் முதலாளிகிட்ட கோவப்படலை. இப்படியே விட்டா நல்ல வேலையாளையும் இழப்பீங்க, வழக்கும் வரும், இது உங்களுக்கும் பாதுகாப்புதான்னு பொறுமையா சொல்லிட்டு, மறுபடி வருவேன்னு போனாங்க. அவங்க அந்தப் பக்கம் போனதும் முதலாளி பழையபடி சங்கைத் தூக்கிட்டு வந்தாரு. மேரி பழக்கத்துல பாதி எந்திரிச்சுட்டா. நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். "எந்திரிக்காதடி!" ரெண்டு பேரும் அசையலை. அவரு சங்கும் கையுமா நிக்கிறாரு.

அப்பத்தான் முட்டிவலிக்கார மாதாஜி ஒருத்தங்க, உட்கார இடம் தேடிக்கிட்டே தெருவுல வந்தாங்க. உட்கார்ந்திருந்த எங்களைப் பாத்ததும் நேரா உள்ள வந்துட்டாங்க. நான் என் ஸ்டூலைக் குடுத்தேன். அவங்களை விட்டுட்டுக் கூட வந்தவங்க எங்க போறது? குடும்பமே பின்னால நுழைஞ்சுச்சு. காத்திருந்த நேரத்துல ஆளுக்கு ஒண்ணு வாங்கினாங்க, முதலாளி கையில இருந்த அந்தப் பெரிய சங்கு உட்பட. வெறுங்கையோட நின்னவரு தொண்டையைச் செருமினாரு: "வர்றவங்களுக்கு வேற ரெண்டு ஸ்டூல் வாங்கணும்மா, உங்க ரெண்டையும் இனிமே யாரும் தொடக் கூடாது, நானும்தான்."

மேரி கால் வீக்கம் இன்னும் முழுசா வடியலை, ஆனா அவ வேலையில இருக்கா, எங்களை எந்திரிக்கச் சொல்லி எவரு வந்தாலும் இப்ப அவரைத்தான் நிக்க வச்சுப் பேசுறோம்.