சங்கிலி விற்ற காசும் வருமான வரியும்

கோபம் வந்தால் எனக்குக் கைதான் முந்தும். அன்று முதலில் உடைந்தது ஆடிட்டரின் மேசைக் கண்ணாடி.

அறுபத்தோராயிரம் ரூபாய் வரி பாக்கி, இந்த மாதமே கட்டவேண்டும் என்றார் அவர். மாதாமாதம் சம்பளத்தில் மயிரையா பிடித்தார்கள் என்று கத்தினேன். மனுஷன் அசராமல் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். பழைய கம்பெனி ஆறு மாதம் பிடித்திருந்தது. அக்டோபரில் ஹெப்பாளில் புதிய கம்பெனிக்கு மாறியபின் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. பழைய சம்பளக் கணக்கை அங்கே கொடுத்தீர்களா என்று கேட்டார். ஹெல்மெட்டை ஓங்கி மேசையில் அடித்தேன்.

எப்படிக் கொடுப்பேன்? பழைய சம்பளத்தை ஏற்றிச் சொல்லி, சிலிப்பையும் திருத்திக் காட்டித்தான் அந்த வேலையில் சேர்ந்தேன். எங்கள் லைனில் பாதிப் பேர் செய்கிற காரியம். நிஜக் கணக்கைக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். புதிய கம்பெனிக்காரர்களோ தாங்கள் கொடுக்கும் அரை வருடச் சம்பளத்தை மட்டும் பார்த்து, வரியே வராது என்று விட்டுவிட்டார்கள். முழுச் சம்பளம் கைக்கு வருகிறதென்று நானும் இளித்துக்கொண்டு திரிந்தேன். பழையதையும் சொல்லவேண்டாமா என்று என் மனைவி அப்போதே கேட்டாள். பொத்திக்கொண்டு போ என்றேன்.

வழியில் ஒரு பஸ் டிரைவரைக் கீழே இறங்கச் சொல்லி மல்லுக்கு நின்றேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக பீரோவுக்குப் போனேன். உள்ளே அவளுடைய பணம் இருந்தது. கொள்ளேகாலில் அவள் அப்பா போட்ட சங்கிலியை விற்று, தையல் கடைக்கு அட்வான்ஸாக வைத்திருந்தாள். நாலு வருடம் அலைந்து குவெம்புநகரில் பிடித்த கடை. மறுநாள் காலை பணம் கொடுப்பதாகப் பேச்சு.

அவள் பீரோவை மறைத்து நின்றாள்.

"ஏனுங்க, அது என் சங்கிலிங்க. உங்க பொய்யிக்கு நான் குடுக்க மாட்டேன்."

அறைந்தேன். பீரோக் கதவில் அவள் தலை மோதியது. மறுபடியும் அறைந்தேன். சாவியை அவள் விடவில்லை. விரல்களைப் பிரிக்கப் போனபோது என் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்த பிறகுதான் கையை எடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

காலையில் அவளே கூப்பிட்டாள். கடை ஒப்பந்தத்துல சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணுமுங்க, வாங்க என்றாள். போனேன்.

கடையின் சொந்தக்காரம்மா பணத்தை எண்ணாமல் அவள் முகத்தையே பார்த்தார். கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"இவரு ஹொடெதரு," என்றாள் என் மனைவி. இவர்தான் அடித்தார் என்று, நிதானமாக. பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினாள்.

அந்த அம்மா எட்டிப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். இந்த ஆளுடைய சாட்சி எனக்கு வேண்டாம், பக்கத்துக் கடையிலிருந்து யாரையாவது கூப்பிடு என்றார்.