பித்தம் என்று சொன்னார்கள்

என் மகளுக்கு எட்டு வயது நடந்தபோது காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். எடுத்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். இட்லி கேட்பாள், பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவாள். மும்பை தாராவியில் எங்கள் சந்து முனையில் இருந்த டாக்டர் அவள் வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்துப் பித்தம் என்றார். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து கொடுத்தார். மருந்து தீர்ந்தது, வாந்தி நிற்கவில்லை. அடுத்த முறை பூச்சி மருந்து. அதற்கடுத்த முறை, "ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கலைன்னா பிள்ளைங்க இப்படித்தான் பண்ணும்" என்றார்.

"தலையில பின்பக்கம் வலிக்குன்னு சொல்லுதா டாக்டர். நடக்கும்போதும் ஒரு பக்கமா சாயுதா."

"போன்ல எதையாவது பாத்துட்டு வந்து நீங்களே பயப்படாதீங்கம்மா."

நான் போனில் எதையும் பார்க்கவில்லை. என் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு டிவி பார்ப்பாள். தண்ணீர்க் குடத்தைத் தாண்டும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். பள்ளியில் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, போர்டில் இருப்பதை இவள் வரி மாறி எழுதுகிறாள், கேட்டால் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்கிறாள் என்று சொன்னார். "சப் நாட்டக் ஹை" என்று சிரிக்க வேறு செய்தார். எல்லாம் நாடகமாம். என் மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

நான் மாட்டுங்காவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அலுவலகத்துக்கு எதிரே ஒரு கண் டாக்டர் இருந்தார், வயதான தமிழ் அம்மாள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்ற நினைப்பில்தான் அங்கே கூட்டிப் போனேன். சொட்டு மருந்து விட்டு, விளக்கு வைத்து அவள் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளா வாந்தி எடுக்கறா?"

"மூணு மாசம் இருக்கும் டாக்டர். பித்தம்னு சொன்னாங்க."

"பித்தம் இல்லே. ரெண்டு கண்ணுலேயும் நரம்பு வீங்கியிருக்கு. தலைக்குள்ளே அழுத்தம் ஜாஸ்தியாயிருக்குன்னு அர்த்தம். ராத்திரி முழுக்கப் படுத்திருக்கறச்சே அது இன்னும் ஏறும், அதான் கார்த்தாலே வாந்தி. நீங்க ஆத்துக்குப் போக வேண்டாம். இப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

சிறுமூளையில் கட்டி. தலைக்குள் ஓட வேண்டிய நீரின் வழியை அது அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் அறுவை சிகிச்சை. கண் விழித்தவள் தண்ணீர் கேட்டாள், அப்பா எங்கே என்றாள். என் கணவர், தோல் பை தைக்கும் பட்டறையிலிருந்து அப்படியே வந்தவர், அவள் கால்மாட்டில் நின்று அழுதார்.

மறுநாள் அவள் பேச்சு நின்றுவிட்டது. ஒரு சொல் இல்லை. கண்கள் எங்கோ பார்த்தன, விழுங்கக்கூட முடியவில்லை, நாள் முழுக்கச் சிணுங்கினாள். வார்டில் ஓடிக்கொண்டிருந்த இளம் டாக்டரை வழிமறித்துக் கேட்டேன். "ஹோ ஜாயேகா" என்றார், நிற்காமலே. ஆகிவிடுமாம். என்ன ஆகிவிடும், எப்போது ஆகிவிடும்? இப்படி ஒன்று நடக்கலாம் என்று அறுவைக்கு முன்னால் எங்களிடம் யாராவது வாய் திறந்திருக்கலாம். கத்தி தவறிவிட்டது, மறைக்கிறார்கள் என்றே நாங்கள் நினைத்தோம். அந்த நினைப்போடு ஒரு வாரம் அந்தக் கட்டிலருகே எங்களை இருக்க வைத்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

பதில் சொன்னது மான்குர்தில் இருந்து வந்த ஒரு பெண். அவள் மகனுக்கும் இதே கட்டி, போன வருடம் அறுவை ஆகி, சோதனைக்காக வந்திருந்தான். என் தமிழைக் கேட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எம் பையனும் இப்படித்தான்க்கா பேசாமக் கெடந்தான், ஒரு மாசத்துக்கு மேல. இந்த எடத்துல ஆபரேசன் பண்ணுனா சில பிள்ளைகளுக்கு இப்படி வருமாம். கொஞ்சங் கொஞ்சமாத் திரும்பும். நீங்க பேசிக்கிட்டே இருங்க. அதுகளுக்கு எல்லாம் கேக்கும். வார்டுல யாரு என்ன பேசுனாங்கன்னு பொறவு ஒண்ணு விடாமச் சொன்னான்."

கீழ்த் தளத்தில் இருந்த சமூகப் பணியாளரிடம் என்னைக் கையோடு அழைத்துப் போனதும் அவள்தான். அந்த அம்மா எங்களை உட்கார வைத்து, ஒரு மண்டை ஓட்டின் படத்தைக் காட்டி, என்ன வெட்டினார்கள், அது புற்றுநோய்க் கட்டி என்பதால் இனி கதிர்வீச்சு எதற்கு, அதன் பிறகு என்னென்ன வரலாம் என்று என் கணவருக்கும் புரிகிற ஹிந்தியில் சொன்னார். பேச்சுப் பயிற்சிக்கு ஆள் பிடித்துத் தந்தார். சனிக்கிழமைகளில் கேன்டீனில் கூடும் பெற்றோர்களைத் தெரியப்படுத்தினார். இவையெல்லாம் அந்தக் கட்டடத்திலேயே இருந்தன. எங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. மான்குர்த்காரி அன்று வராமல் இருந்திருந்தால்?

இதற்கிடையில் என் கணவரின் அக்கா பார்க்க வந்தார். நான் மதினி என்று கூப்பிடுபவர், செம்பூரில் இருப்பவர். கட்டிலருகே நின்றுகொண்டே தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"ஏட்டி, கேன்சருன்னு வெளிய சொல்லிராத. காய்ச்சல் மூளைக்கு ஏறிட்டுன்னு சொல்லு. பொம்பளப் பிள்ளை. நாளைக்கு எவன் கட்டுவான்?"

"மதினி, வெளிய போயிப் பேசுவோம்."

"அதுக்கு என்ன கேக்கவா போவுது?"

அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனேன். அன்றிலிருந்து வெகுநாள் எங்களுக்குள் பேச்சில்லை.

ஒரு மதியம் பெரிய டாக்டர் மாணவர்கள் கூட்டத்தோடு வந்தார். யாரோ ஒரு மாணவர் அவளைக் கேட்காமல், எங்களையும் கேட்காமல் போர்வையை உருவினார். "வேண்டாம்" என்றாள் என் மகள். குழறலாகத்தான் வந்தது, ஆனாலும் தமிழ் தெரியாத அவர்களுக்கும் அது புரிந்தது. மாணவர் போர்வையைப் போர்த்திவிட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேச்சு சொல் சொல்லாகத் திரும்பியது. கதிர்வீச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒருநாள், மொட்டைத் தலையோடு டாக்சியில் என் மடியில் சாய்ந்தபடி கேட்டாள்: "என்னை எவனும் கட்ட மாட்டானாம்மா?"

மதினி மேல் எனக்கிருந்த கோபம் அன்று இரண்டு மடங்காயிற்று.

சிகிச்சை முடிந்ததும் சந்து முனை டாக்டரிடம் ஒருமுறை போனேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். நான் உட்காரவில்லை. காலை வாந்தியும் தலைவலியும் தள்ளாட்டமும் சேர்ந்து வந்தால் இனிமேலாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றேன்.

"இது ரொம்ப அரிதும்மா. நான் பாக்குற பிள்ளைங்கள்ல முக்கால்வாசிக்கு நிஜமாவே வயித்துக் கோளாறுதான்."

"அரிதா இருக்கட்டும் டாக்டர். நடந்து காட்டச் சொல்லிப் பாக்க எவ்வளவு நேரம் ஆவும்?"

அவர் அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் அதைவிட மோசம். மற்ற பெற்றோர் தயங்குகிறார்கள், வீட்டிலேயே படிக்கட்டும் என்று தலைமை ஆசிரியை இனிமையாகச் சொன்னார். அந்த இனிமைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த முறை சமூகப் பணியாளரையும் மான்குர்த்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். தயங்குகிற பெற்றோர்களை வரச் சொல்லுங்கள், அவர்களுக்கு நானே பதில் சொல்கிறேன் என்றேன். உண்மையிலேயே வரச் சொன்னார். ஒட்டிக்கொள்ளுமா என்று ஒருவர் கேட்டார். ஒட்டாது என்றேன். ஒருவர் எழுந்து போனார். மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு தாய் மட்டும் கடைசியில் என்னிடம் வந்து, காலையில் தலை வலிக்கிறது என்று தன் மகன் சொல்வதாகவும் எந்த டாக்டரிடம் காட்டலாம் என்றும் கேட்டாள்.

என் மகள் இப்போது அதே பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கிறாள். முன் வரிசை, பரீட்சைக்குக் கூடுதல் நேரம். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வருகிறது, வலது கை கொஞ்சம் நடுங்கும். குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுக்கிறோம். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. இதுவரை நல்லபடியாக இருக்கிறது.

போன வாரம் புதிதாக வந்த டீச்சர் ஒருவர் அவள் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்று வகுப்பில் சொன்னாராம். பிள்ளைகள் சிரித்தார்களாம். என் மகள் அழவில்லை, சொல்லும்போது தாடையை மட்டும் இறுக்கிக்கொண்டாள். நான் வக்கீலிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.