அப்பா பார்க்காத வெந்நீர்க் குளம்

அமீரகத்தில் நாங்கள் இருக்கும் அல் ஐனில் டீ குடிக்க யாரும் காரை விட்டு இறங்குவதில்லை. கஃபட்டீரியா வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தால் ஒருவர் ஓடி வருவார். எத்தனை விரல் காட்டுகிறோமோ அத்தனை டீ ஜன்னலுக்கு வந்துவிடும். இங்கிலாந்தின் அந்தக் கிராமத்தில் அப்பா ஹாரன் அடித்தது இந்தப் பழக்கத்தில்தான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. கோடை விடுமுறைக்கு லண்டனில் சித்தி வீட்டில் தங்கியிருந்தோம். ஒருநாள் வாடகைக் காரில் பாத் நகரத்துக்குக் கிளம்பினோம். அது அப்பாவின் ஆசை. அவர் அல் ஐனில் தண்ணீர் பம்ப் நிலையத்தில் டெக்னீஷியன். அங்கே ரோமானியர் கட்டிய குளத்தில் இன்றும் மோட்டார் இல்லாமல் வெந்நீர் ஊறுகிறது, அவர்கள் வெட்டிய வடிகாலிலேயே வெளியேறுகிறது என்று ஏதோ வீடியோவில் பார்த்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சு. மூன்று டிக்கெட்டுகளை ஒரு மாதம் முன்பே எடுத்துப் போனில் வைத்திருந்தார்.

அல் ஐனில் வண்டிகள் வலப்பக்கம் போய்ப் பழகியதால், இங்கே முன் சீட்டில் உட்கார்ந்தால் ரோட்டின் தப்பான பக்கத்தில் போவதுபோல் பயமாக இருக்கிறதென்று அம்மா என்னோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். வேலிச்செடிகளுக்கு நடுவே ஒரு கார் மட்டும் போகக்கூடிய பாதை. மேட்டில் மேய்ந்த ஆடுகளின் முதுகில் நீலச் சாயம். கல் வீடுகள் பத்துப் பதினைந்து, அவற்றில் ஒன்று டீக்கடை. அப்பா இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

"ஏங்க, இது என்ன அல் ஐனா? இங்க யாரு ஓடி வருவா?" என்றாள் அம்மா.

"வருவாங்க பாரு."

வந்தார், ஏப்ரன் கட்டிய வயதான பெண்மணி ஒருவர். யாருக்கோ ஆபத்து என்று நினைத்து வந்திருக்க வேண்டும். அப்பா மூன்று விரல்களைக் காட்டி, "த்ரீ டீ, மேடம்" என்றார். வெளி மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் என் வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள்.

அந்தப் பெண்மணி குனிந்து, எல்லாம் சரிதானா என்று என்னிடம் கேட்டார். மன்னியுங்கள், இவர் எங்கள் டிரைவர், இந்த ஊர்ப் பழக்கம் இவருக்குத் தெரியாது என்று பள்ளிக்கூட ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னேன். என் வகுப்பில் பல பேர் டிரைவரோடு வருகிறவர்கள். சொல்வது சுலபமாக இருந்தது. வேலைக்கு வேண்டிய டியூட்டி இங்கிலீஷ் மட்டும் பேசும் அப்பாவுக்கு அது புரியாது என்று நினைத்தேன். அம்மாவுக்கு நிச்சயமாகப் புரியவில்லை.

"அவரும் உள்ளே வரட்டுமே" என்றார் அந்தப் பெண்மணி.

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்க போங்க. நான் வண்டியில இருக்கேன்."

"டீ டீன்னு உசுர வாங்கினது நீங்கதான?"

"யல்லா, போம்மா" என்று சிரித்தார்.

கடைசியில் அவருடைய டீ காருக்கே போயிற்று. அந்தப் பெண்மணியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பாத்தில் குளத்தின் வாசலிலேயே எங்களை இறக்கிவிட்டார். "பார்க்கிங் கஷ்டம்ட்டி. நீங்க பாத்துட்டு வாங்க. மூணு மணிக்கு இங்கயே நிப்பேன்." டிக்கெட் இருந்த போனை என்னிடம் தந்தார். "வடிகால மட்டும் நல்லா வீடியோ எடு."

உள்ளே அம்மா வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பச்சைத் தண்ணீருக்கு முன்னால் நின்று என்னையே எடுத்துக்கொண்டேன். வடிகால் நான்கு வினாடி வந்தது. அதிலும் பாதி யாரோ ஒருவரின் முதுகு.

மூன்று மணிக்கு அதே இடத்தில் நின்றிருந்தார். ஐந்து நிமிட நடையில் கார் நின்றது. இரண்டு பக்கமும் இடம் காலி.

திரும்பும் வழியில், "தண்ணி குமிழ் விட்டுக்கிட்டு வந்துச்சா?" என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். அது எப்படி வந்திருக்கும் என்று அவரே சொல்லத் தொடங்கினார்: மழைத் தண்ணீர் எந்த ஆழத்துக்கு இறங்கும், எந்தச் சூட்டில் மேலே ஏறும், கல் ஏன் காவி நிறமாகும். நேரில் பார்த்தவரைப்போல நிதானமாகச் சொன்னார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

பார்க்கிங் கிடைக்காததால்தான் அவர் உள்ளே வரவில்லை என்று, அந்தக் காலி இடங்களைப் பார்த்திருந்தும், வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.