மீசை இல்லாத சோலை

சமயநல்லூர் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்கிறவர்களுக்கு அந்தச் சிலையைத் தெரிந்திருக்கும். ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில், டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே, துப்பாக்கியோடு நிற்கிற ராணுவ வீரன். பச்சைப் பெயின்ட் அடித்த உடுப்பு, ரோஸ் பெயின்ட் அடித்த முகம், அந்த முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு முறுக்கு மீசை. மீசை என்றால் அப்படியொரு மீசை. கல்யாண வீட்டுக்குப் போகிற பெருசுகள்கூட அதைப் பார்த்ததும் தங்களுடையதை ஒருமுறை தடவிக்கொள்வார்கள்.

அந்த வீரனைப் பெற்றவள் முருகம்மாள். அவள் மகன் சோலைக்கு மீசையே கிடையாது.

மழுங்கச் சிரைத்துக்கொள்வான். சின்னப் பிள்ளையில் கிணற்றுப் படியில் விழுந்து மேலுதட்டைக் கிழித்துக்கொண்டான். பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தழும்பு நின்ற இடத்தில் முடி வரவில்லை. மற்ற இடத்தில் வந்ததும் பூனைமயிர்தான், வைத்திருந்து என்ன செய்ய என்று வழித்துவிடுவான். பட்டாளத்துக்கு ஆள் எடுப்பில் தேறி வந்த அன்று அவன் அப்பா சங்கிலி, "மீச இல்லாத பயல எப்புட்றா எடுத்தாங்ய?" என்று கேட்டுவிட்டுத் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். சிரிக்கும்போது தழும்பு இருக்கிற பக்கத்து உதடு கொஞ்சம் மேலே ஏறும். மற்ற முகம் சிரிக்கத் தொடங்கும் முன்பே அந்த ஒரு பக்கம் சிரித்துவிடும். முருகம்மாளுக்கு மகன் என்றால் அந்த உதடுதான்.

மலை மேல் நடந்த சண்டையில் சோலை செத்துப்போனான். சண்டையில் நம் பக்கம் ஜெயித்தது. இரண்டு சேதியும் அடுத்தடுத்து வந்தன. ஊர் இரண்டாவதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? சம்பந்தமே இல்லாத ஊரெல்லாம் வெடி வெடிக்கும்போது, ஆளைக் கொடுத்த ஊர் மட்டும் சும்மா இருக்குமா?

பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று கூட வந்த பட்டாளத்துக்காரர்கள் சொன்னார்கள். அதிகாரமாகச் சொல்லவில்லை. ஒருவர் முருகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா" என்றார். அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் வாய்க்கரிசியைப் பெட்டி மேல் போட்டார்கள். அது மூடிப் பலகையில் விழுந்து உருண்டு மண்ணில் சிதறியது. முருகம்மாள் தன் கையில் இருந்ததைப் போடவில்லை. வாய் எங்கே இருக்கிறது, நான் எங்கே போடுவது என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். பிறகு பட்டாளத்துக்காரர்கள் மரியாதைக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், தென்னை மரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிப் போயின.

அன்றைக்குத்தான் வீட்டில் இருந்த அவனுடைய இரண்டே படங்களும் போயின. சுவரில் மாட்டியிருந்ததை ஒரு பத்திரிகைக்காரர், "நாளைக்கே கொண்டாந்து தந்துடுறோம்" என்று கழற்றிக்கொண்டு போனார். தகரப்பெட்டிக்குள் இருந்த இன்னொன்றை, போஸ்டர் அடிக்க வேண்டும் என்று சோலையின் கூட்டாளி அழகுபாண்டி வாங்கிக்கொண்டு டவுனுக்கு ஓடினான். சங்கிலிதான் எடுத்து எடுத்துக் கொடுத்தார். பெருமையில் கொடுத்தார். மகன் செத்துக் கிடக்கும்போது மனுஷனுக்கு என்ன பெருமை என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அவர் கையில் அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

போஸ்டர் கடையில் படம் வரைகிறவர் அதைப் பார்த்தார். வீரன் முகம் இப்படி மொழுமொழுவென்று இருந்தால் எடுபடாது என்று தன் பங்குக்கு ஒரு மீசையை வரைந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. மதுரைச் சீமையில் இதையெல்லாம் ஒருத்தர் சொல்லவா வேண்டும்? மறுநாள் பாலத்துச் சுவரிலிருந்து பள்ளிக்கூடத்துச் சுவர்வரை மீசை வைத்த சோலை ஒட்டிக்கொண்டிருந்தான். கொடுத்த படம் அந்தக் கடையின் குப்பையிலேயே போயிற்று. பத்திரிகைக்காரர் திரும்பி வரவில்லை. அடையாள அட்டை சட்டைப் பையோடு மலைக்குப் போயிருந்தது. பட்டாளத்துக்கு எழுதிக் கேட்டிருந்தால் ஒரு படம் கிடைத்திருக்கும்தான். அது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. வெகு காலம் கழித்து முருகம்மாளின் மகள் பாண்டீஸ்வரி ஒரு ஆபீசில் அலைந்து பார்த்தாள். அவ்வளவு பழைய படம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போஸ்டரைப் பார்த்துத்தான் சிமெண்டுச் சிலை செய்தார்கள். திறப்பு விழாவில் முருகம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று புருஷனிடம் கேட்டாள். சங்கிலி, "சும்மா இரு" என்றார். ஊரே காசு போட்டுச் செய்திருக்கிறது, மீசையில் போய்க் குற்றம் சொல்வதா என்று அவருக்கு. அப்புறம் ஒரு திருவிழாவில் மேலத்தெருக்காரன் எவனோ சிலைக்குத் தன் கட்சித் துண்டைப் போட, கீழத்தெருக்காரன் அதை உருவ, நாலு மண்டை உடைந்தது. எதிரி நாட்டோடு போராடிச் செத்தவனை அடுத்த தெருவிடமிருந்து காப்பாற்ற இரும்புக் கூண்டு வைத்துப் பூட்டினார்கள். ஜெயித்த லட்சணம் அது.

சங்கிலி இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை. முருகம்மாள் வெற்றிலைக் கொடிக்காலுக்கு இலை கிள்ளப் போனாள், மகளைக் கட்டிக்கொடுத்தாள், கிழவியானாள். வருஷா வருஷம் வெற்றி நாளன்று கார் அனுப்பி மேடைக்குக் கூப்பிடுவார்கள். பொன்னாடை போடுவார்கள். வீரத்தாய் என்பார்கள். ஒருமுறை மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு ராணுவ அதிகாரியிடம், "அந்த மலையில என்னய்யா வெளையும்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. மகன் நின்ற மண் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஒண்ணும் வெளையாதும்மா. பாறையும் பனியும்தான்" என்றார் அவர், நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவள் வழக்கம்போலக் கொடிக்காலுக்குப் போய்விட்டாள்.

இருபத்தைந்தாவது வருஷத்து வெற்றி விழா வந்தது. அழகுபாண்டி இப்போது வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் ஊர்ப் பெரிய மனுஷன். முருகம்மாளைத் தேடி வீட்டுக்கு வந்தார்.

"பெரியம்மா, சிமிட்டிச் சிலைய எடுத்துட்டு வெங்கலத்துல வைக்கப் போறோம். நீங்கதான் தெறந்து வைக்கணும்."

"தெறந்து வைக்கிறேன். மீசைய மட்டும் எடுத்துரு, அழகு."

"என்ன பெரியம்மா சொல்றீங்க?"

"அவனுக்கு மீச ஏது? ஒனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான கெணத்துல கெடப்பீங்க."

அழகுபாண்டியின் குரல் இறங்கிவிட்டது. "தெரியும். ஆனா இம்புட்டு வருசமா சனம் பாத்துப் பழகிருச்சு. மீச இல்லாம வச்சா இது யாருன்னு கேப்பாங்ய."

"கேக்கட்டும். சோலைன்னு சொல்லு" என்றாள் முருகம்மாள். "அவன் மொகத்தக் கடைசியா எனக்குக் காட்டல. வெங்கலத்துலயாச்சும் ஒரு தடவ பாத்துட்டுப் போறேன். வேற ஒண்ணும் கேக்கல."

படத்தை வாங்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். சரி என்று தலையாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முருகம்மாளையும் பாண்டீஸ்வரியையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் இருக்கிற சிற்பக்கூடத்துக்குப் போனார். வழியெல்லாம் முருகம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். அப்படி அவள் பேசி மகள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவள் மாதிரி, நல்ல சேலை வேறு கட்டியிருந்தாள்.

சிற்பி சொக்கநாதன் பொறுமையான ஆள். தகரக் கொட்டகைக்குள், ஈரச் சாக்கு போர்த்தி நின்ற களிமண் உருவத்தைத் திறந்து காட்டினார். பழைய சிலையின் முகம்தான், இன்னும் திருத்தமாக, மீசையோடு.

"இன்னும் அச்சு எடுக்கலம்மா. மண்ணுதான், எப்படி வேணும்னாலும் மாத்திடலாம்" என்றவர், ஒரு மரத்தகட்டால் மீசையை வழித்து எடுத்தார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் நீவினார். "இப்பச் சொல்லுங்க. உதடு எப்படி இருக்கும்? மெலிசாவா, தடிப்பாவா?"

முருகம்மாள் வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள்.

"தழும்பு இருக்கும்யா" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"வலது பக்கம்மா" என்றாள் பாண்டீஸ்வரி.

"இல்லடி, எனக்கு எதுக்க நிக்கயில இந்தப் பக்கம்" என்று கையைத் தூக்கியவள், தூக்கிய கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழகுபாண்டியைக் கேட்டார்கள். அவர் நெற்றியைத் தேய்த்தார். "நடுவுலன்னு ஞாபகம்... அம்புட்டு உத்துப் பாக்கலையே" என்றார்.

சொக்கநாதன் இடது பக்கம் வைத்துப் பார்த்தார். யாரோ ஒரு பையன் நின்றான். வலது பக்கம் மாற்றினார். வேறு யாரோ ஒரு பையன். உதட்டைத் தடிப்பாக்கினார், மூக்கைக் குறைத்தார், கன்னத்தில் கொஞ்சம் மண் சேர்த்தார். ஒவ்வொரு தடவையும் முருகம்மாள் இல்லை என்று தலையாட்டினாள். இல்லை என்று சொல்ல மட்டும் அவளுக்குத் தெரிந்தது. கடைசியில், "நீங்களே தொட்டுப் பாருங்கம்மா, கைக்கு ஞாபகம் இருக்கும்" என்றார் அவர். கையை நனைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வாய் துடைத்துவிடுகிற மாதிரி, களிமண் உதட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவினாள். மண் ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டாள். சோலையைக் கூப்பிட்டாள். வந்தான். மீசையோடு வந்தான். ரோஸ் பெயின்ட் அடித்த முகத்தோடு, கூண்டுக் கம்பிக்குப் பின்னால் நின்றான். அவனைத் தள்ளிவிட்டு, லீவில் வந்து கொல்லையில் சோறு தின்ற சோலையை நினைத்துப் பார்த்தாள். மீசையில் குழம்பு ஒட்டியிருந்தது. ரயிலேறிய நாளை நினைத்தாள், அங்கேயும் மீசை. அப்புறம், கிணற்றுப் படியிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினாளே, அந்தப் பிள்ளையை நினைத்தாள். வாயெல்லாம் ரத்தம், இடுப்பில் அரைஞாண். அந்தப் பாலகன் முகத்திலும் முறுக்கின மீசை இருந்தது.

இந்தப் பாவத்தை யார் தலையில் கட்டுவது? பகைவன் ஒரு தடவைதான் கொன்றான். மிச்சத்தை வேண்டப்பட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக, பெயின்ட் அடித்து, மாலை போட்டுச் செய்து முடித்திருந்தார்கள்.

கீழே கிடந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, சேலைத் தலைப்பில் களிமண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பழையபடியே வச்சிருங்கய்யா" என்றாள்.

"பரவால்லம்மா, அவசரமில்ல. நாளைக்கு வேணும்னா வாங்க."

"நாளைக்கு மட்டும் வந்துருமாக்கும்?"

அழகுபாண்டி கொட்டகைக்கு வெளியே போய்விட்டார். தோள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். உள்ளே சொக்கநாதன் மீசையைத் திரும்ப வைத்தார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. வைத்ததும் முகம் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

திரும்பும்போது கோரிப்பாளையத்து நெரிசலில் கார் நின்றது. முருகம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே மகளிடம் கேட்டாள்.

"ஏன்டி, தோத்த பக்கமும் எவளாச்சும் இருப்பாள்ல, மகனப் பறிகொடுத்தவ."

"இருப்பாம்மா."

"அவ வீட்டுக்கு எவனும் படம் கேட்டு வந்துருக்க மாட்டான். போஸ்டரு, சிலைன்னு எவன் வைக்கப் போறான்?" என்றாள். "அவகிட்ட அந்தப் படம் அப்புடியே இருக்கும். செவுத்துல."

பாண்டீஸ்வரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இருந்த ஷேர் ஆட்டோக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

விழாவுக்கு நல்ல கூட்டம். கொட்டு அடித்தார்கள், சரவெடி போட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி ஆட்டினார்கள். பேசியவர்கள் எல்லோரும் வெற்றி, வெற்றி என்றே பேசினார்கள். முருகம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கயிற்றைக் கொடுத்தார்கள். இழுத்தாள். துணி சரிந்து விழுந்தது. வெண்கலம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. மைக் வைத்திருந்த பையன் அவள் முகத்துக்கு நேரே அதை நீட்டி, "சொல்லுங்கம்மா, யாரு இது?" என்றான், கூட்டம் கைதட்டட்டும் என்று.

முருகம்மாள் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"எம் மகன்" என்றாள்.

மேடைக்காகச் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது வேறு மகன் கிடையாது.