முந்தாநாள் என்று எழுதினேன்

பிளாஸ்திரியின் மேல் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று ஜீப் டாக்டர் சொல்லியிருந்தார். மையால் எழுதினால் ஐஸ் பெட்டியின் ஈரத்தில் கரைந்துவிடும். விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி, ரப்பர் மூடி, புட்டியைச் சுற்றி ஒரு துண்டு ஒட்டுப் பிளாஸ்திரி. அதில் குழந்தையின் பெயர், வயது, ஊர், காய்ச்சல் தொடங்கிய நாள், முதுகிலிருந்து நீர் எடுத்த நாள் ஆகிய ஐந்தும் கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்க வேண்டும். என் எழுத்து சிறியது, அடித்தல் திருத்தல் இல்லாதது. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அதைப் பெருமையாகவே நினைத்தேன்.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில், கோட்டைக்குப் போகும் சாலையில், ஒரு சிறு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. பத்துக் கட்டில். இப்போது அந்த இடத்தில் இரும்புக் கடை இருக்கிறது. டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் நர்ஸ் சிஸ்டரம்மா பொறுப்பு. முன் ஜன்னலில் உட்கார்ந்து நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவதும் ரிஜிஸ்தர் வைப்பதும் என் வேலை. அந்த ஆண்டுகளில் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து மூளைக் காய்ச்சல் கண்ட குழந்தைகள் வரத் தொடங்கின. முதல் நாள் காய்ச்சல், மறுநாள் வலிப்பு, மூன்றாம் நாள் நினைவு இருக்காது. பாதி பிழைக்கும், பிழைத்ததில் சில பேச்சை மறந்திருக்கும். அது கொசு பரப்பும் கிருமியா என்று கண்டறிய நகரத்திலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. குழு என்றால் ஒரு டாக்டர், ஒரு டிரைவர், ஒரு ஐஸ் பெட்டி. செவ்வாயும் வெள்ளியும் ஜீப்பில் வருவார்கள்; அதனால் அவர் எங்களுக்கு ஜீப் டாக்டர்.

ஜீப் டாக்டரைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவார். ஊசி போடுமுன் தாயிடம் அனுமதி கேட்பார். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்ட வேறு டாக்டரை நான் பார்த்ததில்லை. அச்சடித்த ஒரு படிவம் வைத்திருந்தார். வீட்டருகே பன்றி உண்டா, ஏரியில் நாரையும் கொக்கும் இறங்குகின்றனவா, வயலில் தண்ணீர் நிற்கிறதா, குழந்தை வாசலில் படுக்குமா என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் மேலே, காய்ச்சல் தொடங்கிய நாள். "அந்த ஒரு தேதி தப்பானா, மத்ததெல்லாம் வீண்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். எந்த நாள் மழை பெய்தது, எந்த ஊரில் எப்போது திருவிழாக் கொடி ஏறியது, சிங்கவரம் சாலையில் தார் போட்டது எப்போது என்பதெல்லாம் என்னிடம் இருந்தது, இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையில் ஆண்டையும் தேதியையும் எழுதப் போவதில்லை. இதில் வரும் குடும்பத்தில் யாராவது மிஞ்சியிருந்தால் அவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டாம்.

வருகிறவர்களுக்குத் தேதி வழக்கமில்லை. அது எனக்கு எரிச்சல் தரும்.

"எப்பம்மா காய்ச்சல் வந்துச்சு?"

"கல்ல புடுங்கிக்கினு இருந்தோம் சார், அப்போ."

"வேர்க்கடல புடுங்குனதுக்கு நாள் கெழம இல்லியா? இத்தினி நாளா புள்ளய ஊறுகா போட்டு வெச்சிருந்தியா?"

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். திட்டு வாங்கிய தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள். இப்படி நான் தினமும் நாலைந்து பேரையாவது பேசியிருப்பேன். இரண்டு மூன்று மாதங்களில் பதில்கள் மாறின. "நேத்து சார்." "முந்தாநாள் சார்." தயக்கமே இல்லாமல் வந்தன. ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். என் ஜன்னலுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் குடும்பம் வந்தது ஆடி மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சிங்கவரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர். ஏழு வயதுப் பெண் குழந்தையைத் தகப்பன் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தான். குழந்தையின் கண் பாதி மூடியிருந்தது. கழுத்து தோளில் படியாமல் விறைத்து நின்றது. தகப்பனின் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது. அவர்கள் ஊரில் திரௌபதியம்மனுக்குத் தீமிதி. கொடி ஏற்றிக் காப்புக் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கும்வரை ஊரார் யாரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

"எப்போ வந்துச்சு?" என்றேன்.

"முந்தாநாள் சார். ஞாயித்துக்கெழம சாயங்காலம்" என்றாள் குழந்தையின் தாய், பாடம் ஒப்பிப்பதைப் போல.

கிழமையும் பொழுதும்கூடச் சொல்லிவிட்டாள். எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. வரிசையைப் பார்த்து, "இப்படிச் சொல்லணும். பாத்துக்குங்க" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தகப்பன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமினான். அவன் இருமி முடிக்கும்வரை அடுத்த சீட்டு எழுத முடியவில்லை. சிஸ்டரம்மா வெளியே வந்து, "யோவ், அந்த வேப்பமரத்தாண்ட போய் இருமுய்யா" என்று அனுப்பினார்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. முதுகில் ஊசி செலுத்தி எடுத்த நீர் கலங்கலில்லாமல் தெளிவாக இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சீழ் இல்லை, வைரஸ்தான் என்றார். வைரசுக்கு அன்றைக்கு மருந்து கிடையாது. குளுக்கோசும், வலிப்பு வந்தால் அதற்கு ஊசியும்தான். சிஸ்டரம்மா தயங்கி நின்றார். பிறகு சொன்னார்:

"சார், இந்தப் புள்ள ரெண்டு நாள் காய்ச்சல்ல எளச்ச ஒடம்பா தெரியல. வெலா எலும்ப எண்ணலாம். காசமா இருக்குமோ? ஸ்ட்ரெப்டோமைசின் அலமாரியிலயே இருக்குது."

டாக்டர் அவரை அலட்சியப்படுத்தவில்லை. யோசித்தார். என் ரிஜிஸ்தரைக் கேட்டு வாங்கினார். வரியின் மேல் விரலை வைத்துப் படித்தார்.

"காசம் மூளைக்குப் போனா மெதுவாத்தான் வரும் சிஸ்டர். ரெண்டு வாரம், மூணு வாரம் மந்தமாக் காயும். இது ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கு நினைவு இல்ல. இவ்வளவு வேகமா அது வராது."

சிஸ்டரம்மா என்னைப் பார்த்தார். "சரியாத்தான் எழுதினீங்களா?"

"அவங்க சொன்னதைத்தான் எழுதினேன். கிழமையோட சொன்னாங்க" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். என் தேதியை யாரும் சந்தேகித்ததில்லை. அதன் பிறகு பென்சிலை எடுத்துப் புட்டியின் மேல் ஐந்து விவரங்களையும் எழுதினேன்.

குழந்தை சனிக்கிழமை விடியற்காலை இறந்தது. உடலை வண்டியில் ஏற்றும்போதுதான் தாய் சிஸ்டரம்மாவிடம் வாய்விட்டு அழுதாளாம். கொடி ஏறின மறுநாளே உடம்பு சுட்டது. தலை வலிக்குது என்று மூலையில் சுருண்டுகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தால் கட்டிலில் போட்டுவிடுவார்கள், இரவு தங்க வேண்டிவரும், காப்பு அவிழட்டும் என்று இருந்தோம். கண் சொருகின பிறகுதான், காப்பு அவிழ்க்க ஒரு நாள் இருக்கும்போது, துணிந்து எல்லை தாண்டினோம் என்று. அப்படியானால் ஏன் முந்தாநாள் என்று சொன்னாய் என்று சிஸ்டரம்மா கேட்டிருக்கிறார். "நாளாயிட்டுதுன்னா சீட்டு எழுதறவரு நாலு பேரு எதிர்ல மானத்த வாங்கிடுவாருன்னு சொன்னாங்கம்மா" என்றாளாம்.

சிஸ்டரம்மா இதை என்னிடம் அப்படியே சொன்னார். ஒரு சொல்கூட மேலே சேர்க்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் நாட்குறிப்பைப் புரட்டினேன். அந்த ஊரில் கொடி ஏறிய நாளைக் குறித்து வைத்திருந்தேன். சீட்டு எழுதிய செவ்வாய் அதிலிருந்து பதினெட்டாம் நாள். தகப்பன் கையில் காப்பைப் பார்த்தேன், ஊர்ப் பெயரை என் கையாலேயே எழுதினேன், வழக்கம் எனக்குத் தெரியும், கொடி ஏறிய தேதி என் வீட்டு அலமாரியில் இருந்தது. காப்புக் கட்டியபோது குழந்தை எப்படி இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை; பதில் அவ்வளவு திருத்தமாக இருந்தது.

புரட்டாசியில் நகரத்திலிருந்து கடிதம் வந்தது. குழந்தையின் முதுகு நீரைக் கிருமி வளர்ப்புக்கு வைத்ததில் காசநோய்க் கிருமி வளர்ந்திருக்கிறது, உடனே உரிய சிகிச்சையைத் தொடங்கவும் என்று இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜீப் டாக்டர் வந்தபோது சிஸ்டரம்மா நடந்ததைச் சொன்னார். அவர் ரிஜிஸ்தரைத் திறந்து அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம், "அவங்க சொன்னதைத்தானே எழுதினீங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று அவர் படிவத்தில் ஒரு கேள்வியைக் கையால் எழுதிச் சேர்த்தார்: வீட்டில் நாள்பட்ட இருமல் யாருக்காவது உண்டா?

சிஸ்டரம்மா என்னிடம் ஒரு வேலை சொன்னார். "அந்த ஊட்டுக்கு ஒரு கார்டு போடுங்க. அந்தாளு இருமுனானே, அவங்கிட்ட இருந்துதான் புள்ளைக்கு வந்திருக்கும். ஒரு பையன் வேற கீறானாம். எல்லாரையும் வரச் சொல்லுங்க." சரி என்றேன். கார்டும் வாங்கினேன். வரச் சொல்வதென்றால் எதற்கென்று சொல்ல வேண்டும். எதற்கென்று சொன்னால் குழந்தை எதனால் செத்தது என்று சொல்ல வேண்டும். மருந்து அலமாரியில் இருந்தது என்று வரும். நாளை எழுதலாம் என்று வைத்தேன். அந்தக் கார்த்திகையில் சிஸ்டரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். நகரத்திலிருந்து வந்த கடிதத்தைத் தேதிவாரியாகக் கோப்பில் சேர்த்தேன்.

மூளையைத் தாக்கும் தொற்றுநோய்களைப் பற்றிக் கண்ணில் படுகிற எதையும் இப்போதும் படிக்கிறேன். காசநோய்க் கிருமி வளர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், சில மணி நேரத்தில் தெரிந்துவிடும் என்கிறார்கள். கொசு பரப்பும் மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய செய்திகள். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அட்டவணைகளில் நோய் தொடங்கிய நாள் என்று ஒரு பத்தி வருகிறது. அதைக் கண்டால் நான் மேலே படிப்பதில்லை. அந்த எண்களை யார் எந்த ஜன்னலில் உட்கார்ந்து, யாரை என்ன பேசி வாங்கினார்கள் என்று அட்டவணையில் போடுவதில்லை.

இத்துடன் நிறுத்தினால், அறியாமல் செய்த ஒரு பிழையைச் சொன்னவன் ஆவேன். அறிந்து செய்தது ஒன்றும் உண்டு.

இரண்டு ஆண்டு கழித்து, அதே ஆடி மாதத்தில், செஞ்சி பஸ் நிறுத்தத்தில் அந்தத் தாயைப் பார்த்தேன். காலி நெற்றி. கையில் ஒரு துணிப்பை. அவளே என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்தாள்.

"சீட்டு எழுதற சார்தானே? நல்லா கீறீங்களா?"

"இருக்கிறேம்மா. வீட்டுக்காரர்...?"

"அவுரும் பூட்டாரு சார், போன தையில. ரத்தமா கக்கினாரு. ஆத்தா கோவம் அடங்கல."

அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"காப்பு அவுக்கறதுக்கு மின்னே எல்ல தாண்டி ராத் தங்கிட்டோம். ஒரே ஒரு நாளு பொறுத்திருந்தா எம் பொண்ணு பொயச்சிருக்கும். அவசரப்பட்டுட்டேன்."

"பையன் ஒருத்தன் இருந்தானே?"

"கீறான் சார். பத்து நாளா காச்ச, தலவலின்றான். அவனுக்குத்தான் ரொட்டி வாங்க வந்தேன். வர வெள்ளிக்கெழம காப்பு அவுக்கறாங்க. அவுத்த ஒடனே கூட்டியாறேன்."

"இன்னிக்கே கூட்டி வாங்க" என்றேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் வேண்டாம்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றும் தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"ஒரு தபா பண்ண தப்ப மறுபடியும் பண்ணுவனா சார்? அன்னிக்கி அத்தன பேரு எதிர்ல என்ன ஒரு வார்த்த கடுசாப் பேசாம எழுதிக் குடுத்தீங்க. மறக்கல நான்."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் உடனே கிளம்பவில்லை. கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். ஜன்னலுக்கும் எனக்கும் இடையே நாலடி தூரம் இருந்தது. நீ அவசரப்படவில்லை அம்மா, நாள் கடந்து வந்தாய், மருந்து இருந்தது, நான் எழுதிய தேதியைப் பார்த்துத்தான் அதைப் போடாமல் விட்டார்கள், உன் பையனுக்கும் அதே நோயாக இருக்கலாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவளும் ஆட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது என் இடத்தில் வேறொருவர் எழுதிய இரண்டு பக்கங்கள் ரிஜிஸ்தரில் இருந்தன. இன்றுவரை நான் படிக்காத பக்கங்கள் அவை.