பிரிக்காத மடிப்பு

எங்க அண்ணன் பொண்டாட்டி தையல்காரி. கழுத்துல இஞ்ச் டேப், உதட்டுல நாலு குண்டூசி. அதைக் கடிச்சுக்கிட்டேதான் அண்ணி பேச்சு, சிரிப்பு, திட்டு எல்லாம். பிள்ளைங்க கவுன் தைச்சா கீழ, சட்டை தைச்சா கையில, மூணு விரல் துணிய உள்ள மடிச்சுத் தைப்பாங்க. புள்ள வளர வளரப் பிரிச்சு இறக்கிக்கலாம்.

என் மகளுக்கு ரெண்டு வயசுல தைச்ச நீலக் கவுன், மூணு முடிஞ்ச பிறகும் கச்சிதமா இருந்துச்சு. வாயெல்லாம் பல்லா அவளைக் கூட்டிட்டுப் போய் நின்னேன். "உங்க கைராசியே கைராசி அண்ணி! இன்னும் மடிப்பைக்கூடப் பிரிக்கல."

அண்ணி சிரிக்கல. ஊசிய எடுத்து வெச்சுட்டு புள்ளைய அளந்தாங்க. அளவு நோட்டைப் புரட்டினாங்க. மறுபடி அளந்தாங்க.

"அடிப்பாவி, இது கைராசி இல்லடி. புள்ள வளரவே இல்ல."

எனக்கு வந்துச்சே கோவம்! "எங்க வம்சமே குட்டைதான். உங்க புருஷனையே குனிஞ்சுதானே பார்க்குறீங்க!"ன்னு கத்திட்டு, மகளைத் தூக்கிக்கிட்டு நடந்தேன். பாதி வழியில நின்னுட்டேன். மூணு வயசுப் புள்ள இடுப்புல இவ்வளவு லேசாவா இருக்கும்?

மறுநாள் காலையில அண்ணி மெஷினை மூடிட்டு வாசல்ல நின்னாங்க. மூணு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் அளந்து பார்த்துட்டு, "வயசுக்கேத்த உயரம் இல்லம்மா. என்ன சாப்பிடுறா?"ன்னு கேட்டாங்க.

நான் செங்கல் சூளைக்குப் போறவ. காலையில டீயும் பிஸ்கட்டும், மத்தியானம் வெறும் சோறு. அடிக்கடி வயித்தால போறதை, பல்லு முளைக்குதுன்னு விட்டுட்டேன். சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

"இன்னும் காலம் கடந்துடல. ஆனா இனி ஒரு மாசம்கூட வீணாக்கக் கூடாது"ன்னாங்க நர்ஸ்.

"அழுது முடிச்சிட்டியா? கிளம்பு, முட்டை வாங்கணும்"ன்னாங்க அண்ணி.

வயித்துப் பூச்சிக்கு மருந்து, கொதிக்க வெச்ச தண்ணி, தினம் முட்டை, பருப்பு, கீரை. நான் சூளையில இருக்கிற நேரம் மெஷின் பக்கத்துல உட்கார வெச்சு அண்ணியே ஊட்டினாங்க. அதோட விட்டாங்களா? நோட்டை எடுத்துப் பார்த்து, மடிப்புப் பிரிக்காத இன்னும் பதினோரு பிள்ளைங்க வீட்டுக்கும் போனாங்க. நாலு வீட்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. "அளவெடுக்கறவளுக்கு எங்க அடுப்படியில என்ன வேலை?"ன்னு ஒருத்தி கதவையே சாத்திட்டா.

"திட்டட்டும். கைராசின்னு ஊர் சொன்னப்போ நானும்தானே மண்டைக்கனத்துல இருந்தேன்"ன்னாங்க அண்ணி. மறுவாரம் அதே கதவைத் தட்டினாங்க.

எட்டு மாசம் போச்சு. ஒருநாள் காலையில மக கவுனை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு நின்னா. "அம்மா, முட்டி தெரியுது."

செருப்புகூடப் போடாம அவளைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். இடுப்பு வலிச்சுது, அப்பா, என்னா கனம்! அண்ணி பிளேடால நூலை அறுத்தாங்க. மடிப்பு இறங்குச்சு. மேல எல்லாம் வெளுத்துப் போன நீலம், கீழ மூணு விரலுக்குப் புதுத் துணி நீலம்.

"கோடு பளிச்சுன்னு தெரியுதே, மேல லேஸ் வெச்சு மறைச்சுடுங்களேன் அண்ணி."

"எதுக்குடி மறைக்கணும்? ஊரே பார்க்கட்டும்!"

மக அதே கவுனோட தெருவுல ஓடினா. அவளை வேடிக்கை பார்த்துக்கிட்டே ஒருத்தி வந்தா. அன்னைக்குக் கதவைச் சாத்தினவதான். கையில அவ மகனோட சட்டை.

"அக்கா, இவனுக்குக் கை பத்தல."

அண்ணி ஊசிய உதட்டுல வெச்சுக்கிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "குடு இங்க"ன்னாங்க.