கதவு திறந்தால் ஊதுபவர்

பனி அரங்கின் மூலையில் இருக்கும் அகலக் கதவு முழங்கால் உயரத்துக்கு எழும்போதே பௌகே ஹூக்ஸ்மாவின் கன்னங்கள் உப்பிவிடுகின்றன. அவர் பனியைப் பார்ப்பதில்லை. வாத்தியக் குழுத் தலைவரின் கையையும் பார்ப்பதில்லை. கதவின் அடியில் பனித்தளம் துடைக்கும் வண்டியின் கறுப்புச் சக்கரம் தெரிந்ததும், உடம்பைச் சுற்றிக் கிடக்கும் பித்தளைக் குழலில் மூன்று தடித்த சுரங்களைத் தனியாக ஊதுகிறார். மூன்றாவது அடங்குவதற்குள் பக்கத்தில் உட்காரும் யெல்லேயின் பெரிய டிரம் சேர்ந்துகொள்கிறது. பிறகு டிரம்பெட்டுகள். வண்டி கீறல் விழுந்த பனியைச் சுரண்டி, வெந்நீர் விட்டபடி வட்டமடிக்க, ஆரஞ்சுத் தொப்பிக் கூட்டம் காபிக் கோப்பைகளோடு தோள் சேர்த்து ஆடுகிறது. வண்டி உள்ளே போனதும் வாத்தியம் நின்றுவிட வேண்டும்.

இந்த அரங்கு இருக்கும் ஹீரன்ஃபேன் ஊர்ப் பக்கத்தில் இத்தகைய குழுக்களுக்குத் துடைப்பு வாத்தியம் என்றே பெயர். தளத்தைத் துடைக்கும் இடைவேளையில் மட்டும் வாசிக்கிறவர்கள் என்பதால் அப்படி. அரங்கிலேயே மிகப் பெரிய சத்தத்துக்குச் சொந்தக்காரர்கள் இவர்கள்தான். அங்கே அதிக நேரம் வாயை மூடி உட்கார்ந்திருப்பவர்களும் இவர்கள்தான். அக்டோபர் முதல் மார்ச் வரை வேக ஸ்கேட்டிங் எங்கே போகிறதோ அங்கெல்லாம் இவர்களுடைய பேருந்தும் போகும். நார்வே, ஜெர்மனி, போலந்து என்று எந்த ஊரில் இறங்கினாலும் பௌகே முதலில் கேட்பது, "கதவு எந்தப் பக்கம்?"

மற்ற நாட்களில் அவர் மாட்டுக் குளம்பு சீவுகிறார். பண்ணை பண்ணையாக வேனில் போய், மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, பின்னங்காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டி, வளைந்த கத்தியால் செதுக்குவார். வேலை நடக்கும்போது தன் குழல் ஊதும் அடிக்குரலை மூக்காலேயே முனகுவார். இடையிடையே மாட்டிடம் போட்டி முடிவுகளையும் சொல்வார். "நேத்து ஆயிரம் மீட்டர்ல கடைசி வளைவுல விட்டுட்டாங்கம்மா. நீயாவது அசையாம நில்லு." ஆள் ஆறடிக்கு மேல். கழுத்து தடித்தது. காதோரம் எப்போதும் குளம்புத் தூள். மனைவி ஆல்த்யே அவரைச் சட்டையைக் கழற்றாமல் சமையலறைக்குள் விடமாட்டாள்.

யெல்லே அவருடைய பக்கத்துத் தெருக்காரர், ரொட்டி சுடுகிறவர். இருவரும் பள்ளி நாளிலிருந்து கூட்டு. டிரம் பெரிதென்பதால் அது பௌகேயின் வேனில்தான் வரும். குளம்புக் கத்திகளுக்கும் கயிறுகளுக்கும் நடுவில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. யெல்லேயின் மகள் ரென்ஸ்கா ஐந்நூறு மீட்டர் ஸ்கேட்டிங் ஓட்டக்காரி. நடக்கப் பழகுமுன்பே அந்த டிரம்மின் மேல் தூங்கியவள் என்று பௌகே யாரிடமும் சொல்வார், அவளிடம் உட்பட.

ஐந்நூறு மீட்டர் என்பது இருமி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும் ஓட்டம். அதில் பாதி விஷயம் தொடக்கத்தில். தொடக்க நடுவர் "தயார்" என்று சொன்னபின் துப்பாக்கி வெடிக்கும்வரை, இணையாக ஓடும் இரண்டு பேரும் சிலைபோல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அரங்கில் யாரும் மூக்கைக்கூட உறிஞ்சுவதில்லை. குழந்தை அழுதால் தாய் அதன் வாயைத் தன் மார்போடு அழுத்திக்கொள்கிறாள். இதை அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நவம்பரில் உலகக் கோப்பையின் ஒரு சுற்று உள்ளூரிலேயே நடந்தது. ரென்ஸ்கா கோட்டில் குனிந்து நின்றாள். "தயார்." அந்த நேரத்தில், உள்ளே வண்டியில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் கதவைக் கொஞ்சம் உயர்த்தினார். அடியில் கறுப்புச் சக்கரம் தெரிந்தது.

பௌகே ஊதினார்.

ஒரே ஒரு சுரம். இரண்டாவது தொண்டையிலேயே செத்துப்போயிற்று. ஆனால் அந்த ஒன்று ஆயிரக்கணக்கானோரின் மௌனத்தில் மாடு கத்தியதுபோல் விழுந்தது. ரென்ஸ்காவின் முன்கால் அசைந்துவிட்டது. தவறான தொடக்கம் என்று அவள் கணக்கில் எழுதினார்கள். அடுத்த முறை அந்த இணையில் யார் அசைந்தாலும் வெளியே. ஆகவே மறு தொடக்கத்தில் அவள் துப்பாக்கிச் சத்தம் காதில் நன்றாக இறங்கியபிறகே கிளம்பினாள். அந்தத் தயக்கத்திலேயே ஓட்டம் போய்விட்டது. நார்வேயின் ஹாமரில் மார்ச்சில் நடக்கும் உலகப் போட்டிக்கு நாட்டிலிருந்து மூன்று பெண்களுக்குத்தான் இடம். அன்று மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால் ஓர் இடம் அப்போதே அவளுடையது.

தொலைக்காட்சியில் அந்தச் சுரம் தெளிவாகவே பதிவாகியிருந்தது. மறுநாளே அது கைப்பேசி மணியாகிவிட்டது. பௌகே ஒரு பண்ணையில் மாட்டின் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருக்கையில், பக்கத்தில் நின்ற கால்நடை மருத்துவரின் சட்டைப் பையிலிருந்து "ப்பூம்" என்றது. மருத்துவர் முகம் சிவந்து அதை அமுக்கினார்.

"எடுங்க டாக்டர்," என்றார் பௌகே. "என் சத்தம்தானே."

யெல்லே கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் பௌகேயைக் குடைந்தது. ஒத்திகைக்கு வந்தவர் எல்லோர் முன்னிலும் வழக்கம்போலக் கிண்டல் செய்தார்: "உன் மாடுங்ககூட வால ஆட்டிட்டுதான் உதைக்கும். உனக்கு அந்த மரியாதையும் இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். பௌகேயும் சிரித்தார். ஆனால் வாசிப்பு தொடங்கும்போது, பௌகே மூச்சை இழுப்பதற்குள் டிரம்மில் நான்கு அடி விழுந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு பாட்டும் டிரம்மில்தான் தொடங்கியது. யாரும் அப்படி முடிவெடுக்கவில்லை. ஒத்திகை முடிந்ததும் யெல்லே டிரம்மைத் தன் சின்னக் காரின் பின்பக்கம் திணித்தார். பாதி உள்ளே போகவில்லை. வெளியே நின்ற பாதிக்கு மாவு மூட்டையின் பிளாஸ்டிக் உறையை மாட்டி, மழையில் ஓட்டிப் போனார். வேனில் அதன் இடம் காலியாகவே இருந்தது.

டிசம்பரில் பேருந்து ஜெர்மனிக்குப் போனபோது பௌகே போகவில்லை. இடுப்பு வலி என்று சொன்னார். ஆல்த்யே பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எந்த இடுப்பு?"

"ரெண்டும்."

"நேத்து ஒரு காளைய ஒத்த ஆளா தள்ளி நிறுத்தினியாம். இடுப்பு வலிக்காரன் பண்ற வேலையா இது?"

அவர் சூப்பில் ரொட்டியை நனைத்தார். தொலைக்காட்சியில் போட்டியின் இடைவேளை வந்து, அடிக்குரல் இல்லாமல் குழு வாசித்தபோது, எழுந்து போய்க் கத்திகளைத் தீட்டினார். மாட்டுச் சட்டத்தருகே முனகுவதும் நின்றுபோயிற்று. பண்ணைக்காரர் ஒருவர் ஆல்த்யேயிடம் வந்து சொன்னார்: "மாட்டுக்கு ஒண்ணும் தெரியல. எனக்குத்தான் என்னமோ டாக்டர் கிட்ட நிக்கிற மாதிரி இருக்கு."

ஜனவரியில் ரென்ஸ்கா ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தாள். போலந்தில் நன்றாக ஓடியிருந்தாள். ஆனால் மூன்றில் இரண்டு இடங்கள் ஏற்கெனவே போய்விட்டன. மூன்றாவதுக்கு அவளும் குரோனிங்கன் ஊர்க்காரி ஒருத்தியும் போட்டி. பிப்ரவரியில் உள்ளூரில் நடக்கும் கடைசிச் சுற்றில் இருவரில் வேகமானவள் ஹாமர் போவாள். அவள் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து, பௌகே வேலை செய்துகொண்டிருந்த கொட்டகைக்கே வந்தாள். அவர் மாட்டின் காலுக்கடியில் குனிந்திருந்தார்.

"பௌகே மாமா, பிப்ரவரியில வாசிக்கிறீங்களா இல்லையா?"

"மத்தவங்கதான் இருக்காங்களே."

"நான் மத்தவங்களக் கேக்கல."

அவர் கத்தியை நிமிர்த்தி அதன் விளிம்பைப் பார்த்தார். "நான் அங்க உக்காந்திருந்தா உனக்கு பயமா இருக்காது?"

"நீங்க இல்லேன்னாத்தான் பயம். அந்த மூல காலியா இருந்தா, ஆள் எங்க போனாரு, எங்கேருந்து ஊதப்போறாருன்னு அதையே யோசிச்சிட்டு நிப்பேன்."

"உங்கப்பா என்ன சொல்றான்?"

"அப்பாவா? அவரு எனக்கு சர்க்கரை ரொட்டி குடுத்து அனுப்பினாரு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு யாருக்குன்னு சொல்லல." அவள் காகிதப் பொட்டலத்தைச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டு, மாட்டின் நெற்றியைத் தட்டிக்கொடுத்துப் போனாள்.

கடைசிச் சுற்றன்று பௌகே குழலோடு வந்தார். தன் இடத்தில், யெல்லேயின் பக்கத்தில் உட்கார்ந்தார். இடைவேளைகளில் டிரம் நான்கு அடி அடித்தது. பௌகே அதன் பின்னால் போனார். குரோனிங்கன்காரி முந்தைய இணையிலேயே ஓடி முடித்துவிட்டாள். வேகமான நேரம். நேரப் பலகையில் அது நின்றுகொண்டிருக்கையில் ரென்ஸ்கா கோட்டுக்கு வந்தாள்.

பௌகே எழுந்தார். குழலைத் தலைக்கு மேலாகத் தூக்கிக் கழற்றி, அதன் வாயைத் தரையில் கவிழ்த்து வைத்தார். அதுவும் போதவில்லைபோல் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களைக் கோத்து, பிடிபட்ட திருடனைப்போல் தலையின்மேல் வைத்துக்கொண்டார்.

"என்னடா பண்ற?" என்று யெல்லே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என் கை எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியட்டும்."

யெல்லே சிரிக்கவில்லை. தன் மகள் ஓடுவதை அவர் எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை. பனிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பார். இப்போதும் அப்படியே திரும்பிக்கொண்டார்.

"தயார்."

அரங்கு மூச்சை நிறுத்தியது. துப்பாக்கி வெடித்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினார்கள்.

"போயிட்டாளா?"

"சுத்தமா போயிட்டா."

"இப்ப எங்க?"

"மொத வளைவு தாண்டிட்டா."

"கால் ஏதாச்சும் வழுக்குச்சா?"

"இல்ல. எதிர்ப்பக்கம் போறா. தடம் ஒழுங்கா மாறிட்டா. வாய மூடு."

யெல்லே வாயை மூடினார். கூட்டம் எழுந்து நின்றது. இருக்கைப் பலகைகள் அதிர்ந்தன. கடைசி வளைவில் அவள் கை பனியைத் தொடுவதுபோல் தாழ்ந்தது, தொடவில்லை. சத்தம் ஒரு முறை ஏறி, கோட்டருகே உடைந்து, அரங்கின் கூரைக்குப் போயிற்று. பிறகு எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள்.

"பௌகே," என்றார் யெல்லே, சுவரிடம். "டேய். என்ன வந்திருக்கு?"

பௌகே பலகையை இரண்டு முறை படித்தார். இரண்டு பெயர்களையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

"ஹாமர் போறா," என்றார்.

யெல்லே திரும்பினார். பலகையைப் பார்க்கவில்லை, பனியையும் பார்க்கவில்லை. சுற்றிலும் ஆரஞ்சுத் தொப்பிகள் மேலே பறந்துகொண்டிருக்க, பௌகே இன்னும் கைகளைத் தலையில் கோத்தபடியே நின்றார். யெல்லே நுனிக்காலில் எம்பி, கோத்திருந்த விரல்களைப் பிரித்து, அவருடைய கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கினார்.